வலது, இடது, வலது, வலது!

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பில் நாம தூங்கிக்கிட்டே கடந்து போற நாலு திருப்பம்... கேன்சர் ஸ்கேன் ரூம் வரைக்கும் போகுது!

'பஸ் ஸ்டாண்டுல இறங்கி வலது பக்கம் திரும்புங்க. அப்புறம் இடது. அப்புறம் வலது, மறுபடியும் வலது. பச்சை கேட் போட்ட வீடு!'

இப்படி யாராவது வழி சொன்னால், நோட்டில் எழுதி மனப்பாடம் பண்ணுவோமா? நேரா போய் கதவைத் தட்டிடுவோம். ஆனால், இதே நாலு திருப்பத்தை 'டி-குளுக்கோஸின் ஃபிஷர் வரைபடத்தை வரைக' என்று கேள்வித்தாளில் கேட்டுப் பாருங்கள். பாதி ஹாலுக்கு வியர்க்கும், மீதி ஹால் பக்கத்து பேப்பரை எட்டிப் பார்க்கும்!

'வலது பக்கம் போடவேண்டிய ஓ.எச்-சை இடது பக்கம் போட்டா என்ன குடியா முழுகிடும்? ஒரு மார்க்குதானே மச்சி' என்பது எல்லா ஹாஸ்டல் ரூமிலும் கேட்கிற டயலாக். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தால்... செம கதை பாஸ்!

ஒரே சாமான், 16 வீடு

ஆறு கார்பன், பன்னிரண்டு ஹைட்ரஜன், ஆறு ஆக்ஸிஜன். குளுக்கோஸ் கட்டத் தேவையான மொத்த சாமான் இவ்வளவுதான். ஆறு கார்பனையும் மாடிப்படி மாதிரி மேலிருந்து கீழே அடுக்குங்கள். உச்சியில் இருப்பது ஆல்டிஹைடு. 2, 3, 4, 5 - இந்த நாலு கார்பனிலும் ஓ.எச். வலது பக்கம் நிற்கலாம், இடது பக்கமும் நிற்கலாம். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு சான்ஸ். 2 பெருக்கல் 2 பெருக்கல் 2 பெருக்கல் 2... ஆக, அதே சாமானை வைத்து 16 வேறு வேறு சர்க்கரைகள் கட்டலாம்.

அதில் வலது, இடது, வலது, வலது என்று போனால் குளுக்கோஸ். முதல் திருப்பத்தை மட்டும் மாற்றி இடது, இடது, வலது, வலது என்று போனால் மன்னோஸ். மூணாவது திருப்பத்தை மட்டும் மாற்றினால் கேலக்டோஸ். நாலையும் தலைகீழாக மாற்றினால் எல்-குளுக்கோஸ். இது கண்ணாடியில் தெரியும் குளுக்கோஸ். நாக்குக்கு இனிக்கும், ஆனால் நம் உடம்புக்கு அதை எரித்து சக்தி எடுக்கத் தெரியாது!

சந்தேகமா? பாலில் இருக்கிற லாக்டோஸ் என்பது குளுக்கோஸும் கேலக்டோஸும் கைகோத்த ஜோடி. கேலக்டோஸைக் குளுக்கோஸ் பாதைக்குக் கொண்டு வர நம் உடம்பில் தனியாக ஒரு என்ஸைம் படையே வேலை செய்கிறது. இந்தப் பாதையைக் கண்டுபிடித்த அர்ஜென்டினா விஞ்ஞானி லூயிஸ் லெலோயருக்கு 1970-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தப் படையில் ஒரு முக்கியமான ஆள் பிறவியிலேயே இல்லாமல் போனால் வருவதுதான் கேலக்டோசீமியா. அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலே விஷம். சில நாளிலேயே கல்லீரல் பாதிக்கும், கண்ணில் புரை விழும். சீக்கிரம் கண்டுபிடித்துப் பாலை நிறுத்தினால்தான் உயிர் பிழைக்கும். குளுக்கோஸுக்கும் கேலக்டோஸுக்கும் நடுவே உள்ள வித்தியாசம், ஒரே ஒரு ஓ.எச். எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மட்டும்தான்!

இன்னொரு உதாரணம், நம்ம தெருவிலேயே இருக்கு. இட்லி அரிசியின் ஸ்டார்ச்சும், சினிமா போஸ்டர் பேப்பரின் செல்லுலோஸும் குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள்தான். மணியை மணியோடு கோக்கிற முடிச்சு ஒன்றில் ஆல்ஃபா, இன்னொன்றில் பீட்டா. முதல் முடிச்சை அவிழ்க்க நம்மிடம் என்ஸைம் உண்டு. ரெண்டாவதை அவிழ்க்க நம்மால் முடியாது. மாட்டின் வயிற்றில் குடியிருக்கிற நுண்ணுயிர்களால் முடியும். அதனால்தான் நமக்கு இட்லி, அதுக்கு போஸ்டர்!

ரொட்டித் துண்டும் பல்குச்சியும்

'16 வீடு சரி, குளுக்கோஸ் எந்த வீடுன்னு எவன் பார்த்தான்?' நியாயமான கேள்வி. பார்க்காமலேயே சொன்னார் ஒருத்தர்.

கார்பனின் நாலு கைகளும் நாலு திசையில் நீண்டிருக்கின்றன, அதனால்தான் வலம் - இடம் என்கிற வித்தியாசமே வருகிறது என்று 1874-ல் சொன்னவர் ஹாலந்து இளைஞர் வான்ட் ஹாஃப். அப்போது அவருக்கு வயசு 22. 'கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கிற பையன், அங்கிருந்து ஒரு றெக்கை முளைச்ச குதிரையைக் கடன் வாங்கிப் பறக்கிறான்' என்கிற ரேஞ்சில் கிண்டலடித்தார் ஜெர்மனியின் சீனியர் வேதியியலாளர் கோல்பே. 1901-ல் உலகின் முதல் வேதியியல் நோபலை வாங்கியது அந்தப் பையன்தான்!

வான்ட் ஹாஃபின் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சர்க்கரைக்குள் இறங்கினார் எமில் ஃபிஷர். எக்ஸ்-ரே மெஷின் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. அவர் கையில் இருந்தது, 1875-ல் அவரே கண்டுபிடித்த ஃபீனைல்ஹைட்ரசீன் என்கிற நச்சுத் திரவம். சர்க்கரையோடு இதைச் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் படிகம் கிடைக்கும். அதன் பெயர் ஓசசோன். இதில் ஒரு ட்விஸ்ட். குளுக்கோஸ், மன்னோஸ் ரெண்டுமே ஒரே படிகத்தைக் கொடுத்தன. இந்த ரியாக்‌ஷனில் முதல் ரெண்டு கார்பன் மட்டும்தான் மாறுகிறது. அப்படியென்றால் மூணாவது கார்பனில் இருந்து ரெண்டுக்கும் ஒரே வழி. முதல் திருப்பத்தில் மட்டும்தான் ஆள் மாறுகிறார்கள்! இப்படித் துப்பு மேல் துப்பாகச் சேர்த்தார் ஃபிஷர்.

1891 வசந்த காலம். இத்தாலியின் கடற்கரை ஊரான போர்டிகெராவில் இருந்தபோது, இந்த வகை அமிலத்தில் எத்தனை வடிவம் சாத்தியம் என்று தெரியாமல் மாட்டிக்கொண்டார். தன் குரு அடால்ஃப் வான் பேயரிடம் கேட்டார். பேயர் உடனே ரொட்டித் துண்டை உருட்டி, பல்குச்சியைக் குத்தி கார்பன் மாடல் செய்ய ஆரம்பித்துவிட்டார். திருப்பித் திருப்பிப் பார்த்தும் விடை வராமல், கடைசியில் கைவிட்டுவிட்டார் என்று ஃபிஷரே தன் வாழ்க்கைக் கதையில் சொல்லியிருக்கிறார். ஊருக்குத் திரும்பி, நல்ல மாடல்களை வைத்துப் பொறுமையாகப் பார்த்து அதே வருஷம் விடையைப் பிடித்தார் ஃபிஷர். பின்னாளில் நோபல் வாங்கிய பேயருக்கே மண்டை காய்ந்த சப்ஜெக்ட் இது. அதனால நாம முழிக்கிறதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை மக்களே!

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஃபிஷரால் நிரூபிக்க முடியவில்லை. 'குளுக்கோஸின் கடைசி ஓ.எச். வலது பக்கம் என்று வைத்துக்கொள்வோம்' என்று பூவா, தலையா போட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். தப்பாக இருக்க 50 சதவிகித வாய்ப்பு. 1902-ல் நோபல் வாங்கினார். 1919-ல் இறந்தும் போனார். 1951-ல் ஹாலந்தின் உட்ரெக்ட் நகரில், வான்ட் ஹாஃபின் பெயரைத் தாங்கிய ஆய்வுக்கூடத்தில், பைவூட் குழு எக்ஸ்-ரே வைத்து டார்டாரிக் அமில உப்பு ஒன்றைச் சோதித்தது. ஃபிஷர் போட்ட பூ, பூவாகவே விழுந்திருந்தது!

முன் படிக்கட்டா, பின் படிக்கட்டா?

இப்போது பாடத்தில் அடுத்த சேப்டருக்குத் தாவுவோம். ஆல்கீன்... ரெண்டு கார்பனுக்கு நடுவே இரட்டைப் பிணைப்பு. அதை உடைத்துக்கொண்டு வேறு அணுக்கள் வந்து உட்காருவதுதான் சேர்க்கை வினை. ப்ளஸ் டூ லேபில் ரெண்டு டெஸ்ட் செய்திருப்போமே... புரோமின் தண்ணீரின் நிறம் போகும்; பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் போகும். ரெண்டாவதற்குப் பெயரே பேயர் சோதனை. ஆமாம், ரொட்டித் துண்டு பேயரேதான்!

ரெண்டிலும் நிறம் போனது மட்டும்தான் நம் ரெக்கார்டு நோட்டில் ஏறியது. உள்ளே நடந்ததோ டவுன் பஸ் சமாசாரம். இரட்டைப் பிணைப்பு தட்டையான சமாசாரம். அதற்கு ரெண்டு பக்கம் உண்டு. முன் படிக்கட்டு, பின் படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வரும் புரோமின், குண்டு ஆசாமி. முன் படிக்கட்டில் ஏறி, ரெண்டு கார்பன் மேலேயும் கையைப் போட்டு வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். அடுத்து வருகிற புரோமின் என்ன செய்யும்? பின் படிக்கட்டில்தான் ஏறியாக வேண்டும். அதனால் ரெண்டு புரோமினும் எதிரெதிர்ப் பக்கத்தில் உட்காரும். 1937-ல் ராபர்ட்ஸ், கிம்பால் என்கிற ரெண்டு பேர் சொன்ன விளக்கம் இது. பெர்மாங்கனேட் வேறு மாதிரி. அதன் ரெண்டு ஆக்ஸிஜனும் கைகோத்த காலேஜ் ஃப்ரெண்ட்ஸ். ஒரே படிக்கட்டில் ஒன்றாக ஏறி, ஒரே பக்கத்தில் உட்காருவார்கள்.

'யார் எந்தப் பக்கம் ஏறினா என்ன, பஸ் போனா சரி' என்கிறீர்களா? இங்கேதான் சர்க்கரையும் ஆல்கீனும் சந்திக்கின்றன.

அழிந்த வழிகாட்டிப் பலகை

1913-ல் ஃபிஷரும் அவரது உதவியாளர் ட்ஸாக்கும் குளுக்கோஸில் இருந்து புதுசாக ஒரு பொருளைச் செய்தார்கள். ஆல்டிஹைடு என்று நினைத்து 'குளூக்கால்' என்று பெயரும் வைத்தார்கள். உண்மையில் அது ஓர் ஆல்கீன். சர்க்கரை வளையத்தின் முதல் கார்பனுக்கும் ரெண்டாவது கார்பனுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு.

ரெண்டாவது கார்பன் என்றால் எது? குளுக்கோஸையும் மன்னோஸையும் பிரிக்கிற அதே முதல் திருப்பம்! குளூக்காலில் அந்த ஓ.எச்-சே இல்லை. 'வலதா, இடதா' என்று எழுதியிருந்த பலகையை யாரோ அழித்துவிட்ட மாதிரி. இனிமேல் வந்து சேர்கிற அணுதான் முடிவு பண்ணும். வளையத்தின் கீழ்ப்பக்கம் இருந்து ஏறினால் குளுக்கோஸ் வடிவம். மேல்பக்கம் இருந்து ஏறினால் மன்னோஸ் வடிவம்.

110 நிமிஷம்

இனி மருத்துவமனைக்குள் போவோம். ஃபிஷரிடம் 1906-ல் டாக்டர் பட்டம் வாங்கிய மாணவர் ஓட்டோ வார்பர்க். புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அகோரப் பசியோடு விழுங்குகின்றன என்று 1920-களில் காட்டியவர் இவர்தான். 'அப்படின்னா, ஒளி விடுற குளுக்கோஸைக் கொடுத்து எங்கே குவியுதுன்னு பார்த்தா கட்டி எங்கே இருக்குன்னு தெரிஞ்சிடுமே!' என்பதுதான் பெட் ஸ்கேனின் அடிப்படை.

அதற்கான மருந்தின் பெயர் எஃப்.டி.ஜி. குளுக்கோஸின் ரெண்டாவது கார்பனில் ஓ.எச்-சை எடுத்துவிட்டு, கதிரியக்க ஃப்ளூரின்-18 அணுவை உட்கார வைத்த சர்க்கரை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் டாட்சுவோ இடோ, ஆல்ஃபிரட் வுல்ஃப், ஜோன்னா ஃபவுலர் குழு இதைச் செய்தது. அவர்கள் ஆரம்பித்த இடம், யெஸ்... குளூக்கால்! அதன் இரட்டைப் பிணைப்பில் ஃப்ளூரின் வாயுவைச் சேர்த்தார்கள். சாட்சாத் ஆல்கீன் சேர்க்கை வினை. ஆகஸ்ட் 1976-ல் முதன்முறையாகத் தன்னார்வலர்கள் ரெண்டு பேருக்கு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஊசி போடப்பட்டது.

மருந்து, புரூக்ஹேவனில் இருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு விமானத்தில் பறந்தது. பந்தாவுக்காக இல்லை. ஃப்ளூரின்-18-ன் அரை ஆயுள் சுமார் 110 நிமிஷம். காலை 6 மணிக்கு ஒரு பாட்டில் தயார் என்றால், 7.50-க்குக் கதிரியக்கம் பாதி. 9.40-க்குக் கால். 11.30-க்கு அரைக்கால். டிராஃபிக்கில் மாட்டினால் மருந்து வழியிலேயே கரைந்துவிடும்.

அவசரம் ஒரு பக்கம், படிக்கட்டுப் பிரச்னை இன்னொரு பக்கம். ஃப்ளூரின் பெரும்பாலும் கீழ்ப்பக்கம் இருந்து ஏறியது. ஆனால் ஒரு பங்கு மேல்பக்கம் இருந்தும் ஏறி, மன்னோஸ் வடிவத்தைக் கொடுத்தது. அதைப் பிரித்தெடுக்க வேண்டும். கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும். தவிர, ஃப்ளூரின் மூலக்கூறில் ரெண்டு அணுக்கள். ஒன்று நமக்கு வேண்டிய ரெண்டாவது கார்பனுக்குப் போக, இன்னொன்று முதல் கார்பனில் உட்கார்ந்து, பிறகு கழன்று வீணாகும். கஷ்டப்பட்டுச் செய்த கதிரியக்கத்தில் பாதி அம்பேல்!

குடை திரும்பினால்...

தீர்வு 1986-ல் ஜெர்மனியின் யூலிஷ் நகரில் இருந்து வந்தது. ஹமாகர், கோனன், ஸ்டோக்லின் மூவரும் ஆல்கீனையே ஓரங்கட்டிவிட்டு மன்னோஸில் இருந்து ஆரம்பித்தார்கள்.

குளுக்கோஸ் வேண்டும் என்றால் எதற்கு மன்னோஸ்? ப்ளஸ் டூவில் படித்த எஸ்.என்.2 வினையை ஞாபகப்படுத்துங்கள். வெளியேறும் குரூப்புக்கு நேர் பின்னால் இருந்து புது ஆள் வந்து முட்டும். பலத்த காற்றில் குடை மடங்கித் திரும்புகிற மாதிரி, கார்பனின் கைகள் திசை மாறும். மன்னோஸின் ரெண்டாவது கார்பனில், மேல்பக்கத்தில் சுலபமாகக் கழலுகிற ஒரு குரூப்பை மாட்டி வைத்தார்கள். ஃப்ளூரைடு அயனி கீழ்ப்பக்கம் இருந்து முட்டியது. குடை திரும்பியது. மன்னோஸ், குளுக்கோஸ் வடிவத்துக்கு வந்துவிட்டது! பின்னால் இருந்து மட்டுமே வர முடியும் என்பதால் திசையில் குழப்பமில்லை. வீணாகிற பாதியும் இல்லை. இன்றைக்கும் உலகம் முழுக்க எஃப்.டி.ஜி. தயாராவது அடிப்படையில் இந்த முறையில்தான். எஸ்.என்.2 தெரியாமல் குளுக்கோஸில் இருந்தே ஆரம்பித்திருந்தால்? திரும்பி மன்னோஸ் வடிவம்தான் வந்திருக்கும். அந்த 'ஒரு மார்க்' வித்தியாசம்!

செல்லுக்குள் ஒரு டிராஃபிக் ஜாம்

ஊசி போட்ட பிறகு நடப்பது இன்னும் சுவாரஸ்யம். செல் வாசலில் நிற்கும் புரதம், வந்திருப்பது குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே விடுகிறது. அடுத்த என்ஸைம், ஆறாவது கார்பனில் ஒரு பாஸ்பேட்டை மாட்டுகிறது. அதற்கடுத்த ஸ்டெப்புக்கு ரெண்டாவது கார்பனில் ஓ.எச். வேண்டும். அங்கே ஃப்ளூரின் உட்கார்ந்திருக்கிறது. வேலை நின்றுவிடும். முன்னாலும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. பசி அதிகமுள்ள செல்லில் இந்த ஜாம் அதிகம்.

ஃப்ளூரின்-18 சிதையும்போது ஒரு பாசிட்ரான் வெளியேறும். அது பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானோடு மோதி, ரெண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசையில் ரெண்டு காமா கதிர்கள் கிளம்பும். சுற்றி நிற்கிற டிடெக்டர் வளையம் அதைப் பிடித்துப் படமாக்கும். நோய் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, கொடுத்த சிகிச்சைக்குக் கட்டி அடங்குகிறதா என்று டாக்டர் முடிவெடுக்க இந்தப் படம் உதவுகிறது.

வீட்டில் யாராவது இந்த ஸ்கேனுக்குப் போனால், அங்கே சொல்கிற கண்டிஷன்களும் இப்போது புரியும். குறைந்தது 4 மணி நேரம், பல இடங்களில் 6 மணி நேரம் வெறும் வயிறு. ஊசிக்கு முன்னால் சர்க்கரை அளவு டெஸ்ட். ரத்தத்தில் நிஜ குளுக்கோஸ் நிறைய ஓடினால் நம்ம ஆளுக்கு இடம் கிடைக்காதே! முதல் நாள் ஜிம், ஓட்டம் வேண்டாம். உழைத்த தசையும் சர்க்கரையை இழுக்கும். ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்கச் சொல்வதும் அதற்குத்தான். மூளை எப்போதும் பளிச்சென்றுதான் தெரியும். அதன் சாப்பாடே குளுக்கோஸ். இன்னொன்று, காசநோய்ப் புண்ணும் மற்ற அழற்சிகளும்கூட இதே மாதிரி ஒளிரும். அதனால் படத்தில் வெளிச்சம் தெரிந்தாலே கேன்சர் என்று பதற வேண்டாம். டாக்டர் சொல்லட்டும்.

சப்பாத்தி மாவு போதும்!

இந்த ஏரியாவைப் பேப்பரில் மட்டும் படித்தால் கண்டிப்பாகக் குழம்பும். காசு போட்டு மாடல் செட் வாங்கவும் வேண்டாம். மெஸ்ஸில் ஓர் உருண்டை சப்பாத்தி மாவு கேளுங்கள். ஒரே அளவு உருண்டை ரெண்டு. ஒவ்வொன்றிலும் நாலு தீக்குச்சியை நாலு திசையில் குத்தி, நுனியில் நாலு கலர் ஸ்கெட்ச் தடவுங்கள். முதலில் ரெண்டும் அச்சு அசலாக இருக்கட்டும். இப்போது ஒன்றில் மட்டும் ஏதாவது ரெண்டு குச்சியை இடம் மாற்றுங்கள். எப்படித் திருப்பினாலும் முதல் உருண்டையோடு பொருந்தாது. அது கண்ணாடி பிம்பம். இன்னொரு முறை ரெண்டு குச்சியை மாற்றினால் மறுபடி பழைய வடிவமே வந்துவிடும். பேயர் ரொட்டியில் செய்ததை நீங்கள் சப்பாத்தியில் செய்கிறீர்கள், அவ்வளவுதான்!

என்னை மாதிரி இன்ஜினீயரிங் ஆட்கள், 'இது பயோ குரூப் பசங்க வேலை' என்று ஒதுங்கவும் முடியாது. ஃப்ளூரின்-18 செய்கிற சைக்ளோட்ரான், 110 நிமிஷக் கெடுவுக்குள் மருந்தை முடிக்கிற தானியங்கி பெட்டி, காமா கதிரைப் பிடிக்கிற எலெக்ட்ரானிக்ஸ், படமாக்குகிற சாஃப்ட்வேர் என்று நம்ம எல்லா பிராஞ்சுக்கும் அந்த ரூமில் வேலை இருக்கிறது. ஆனால் அத்தனை மெஷினும் காத்திருப்பது, ஒரு ஃப்ளூரின் அணு சரியான பக்கத்தில் உட்கார்ந்த சர்க்கரைக்காகத்தான்.

ஸ்கேன் முடிந்த பிறகு அந்தச் சர்க்கரை என்ன ஆகும் தெரியுமா? கொஞ்சம் சிறுநீரில் வெளியேறிவிடும். செல்லுக்குள் மாட்டிக்கொண்டதில் ஃப்ளூரின்-18 சிதைந்து ஆக்ஸிஜன்-18 ஆகிவிடும். அது ஒரு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொண்டால் ஓ.எச். ஜாம் கிளியர்! வலது, இடது, வலது, வலது... சாதாரண குளுக்கோஸ் போகிற வழியிலேயே போய், செல்லுக்குச் சாப்பாடாகிவிடும்.